வெளியே வருகிறவர்களின் முகம்

இன்னும் ஐந்து நிமிஷத்தில் பெரிய தியேட்டரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே கடைசிச் சண்டை நடக்கிறது, அடி விழுகிற ஒவ்வொரு தடவையும் சுவர் அதிர்ந்து என் முதுகுக்கு வருகிறது, சண்டை முடிந்தால் இரண்டு வரி வசனம், அப்புறம் விளக்கு, அப்புறம் அவர்கள் வருவார்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் சாய்ந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்கிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று தியேட்டர், பெரியது, நடு, சின்னது. இங்கே நின்றால் மூன்றின் வெளிவாசலும் தெரியும். திருநெல்வேலியில் எத்தனையோ பேர் படம் பார்க்கிறார்கள், ஒருத்தரும் இங்கே வந்து நிற்பதில்லை, எல்லாரும் முன்பக்கம் போஸ்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போஸ்டரில் என்ன இருக்கிறது, நடித்தவர்களின் முகம் இருக்கிறது, அவர்களுக்குத்தான் நடிக்கத் தெரியுமே. எனக்கு வேண்டியது பார்த்தவர்களின் முகம். காலைக் காட்சி விட்டு வருகிறவர்களைப் பார்ப்பேன், எந்த வாசலில் முகம் நன்றாக இருக்கிறதோ அந்தப் படத்துக்கு மதியக் காட்சி போவோம், இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் செண்பகா போனில் பட்டியல் அனுப்புவாள், இந்தப் படத்துக்குப் பத்துக்கு எட்டு, அந்தப் படத்துக்கு ஐந்தரை என்று. அந்த அரையை எங்கே பிடித்தார்களோ. படத்தை யார் எடுத்தது, யார் பாட்டு என்று கேட்டால் நான் திருதிருவென்று முழிப்பேன், ஆனால் வெளியே வருகிற முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் தெரிய வேண்டும். இன்றைக்குத் தப்பவே கூடாது.

அதோ அவர் நிற்கிறார், சின்னத் தியேட்டர் சுவரை ஒட்டிய டீக்கடை நிழலில், கையைக் கட்டிக்கொண்டு, யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர் மாதிரி. என் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி. அரசு பஸ்ஸில் இருபத்து நாலு வருஷம் டிரைவர். எட்டு மாசத்துக்கு முன்னால் தென்காசி ரோட்டில், காலையில், நல்ல வெளிச்சத்தில், ஒரு சந்திலிருந்து பால்கேனோடு சைக்கிளில் ஒருத்தர் பாராமல் இறங்கிவிட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் நினைப்பதில்லை, நினைக்கக் கூடாது என்றால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, அந்தப் பால் ரோட்டில் ஓடினது என்று யாரோ சொன்னது. விசாரணை நடந்தது, இவர் மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தத் தாளை நான்தான் பீரோவில் வைத்தேன், அவர் அதைத் தொடவில்லை. வேலைக்கு வரலாம் என்றார்கள், போகவில்லை. சாப்பிடுவார், குளிப்பார், கேட்டால் பதில் சொல்வார், தானாக ஒன்றும் கேட்கமாட்டார். எட்டு மாசமாக இந்த மனிதர் வாயைத் திறந்து இது வேண்டும் என்று ஒன்று கேட்டதில்லை, உப்பு கூடக் கேட்டதில்லை. இன்றைக்குக் காலையில் நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்று, "ஏட்டி, படத்துக்குப் போவமா?" என்கிறார். திரும்பிப் பார்த்தால் எங்கே கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயந்து கல்லைப் பார்த்துக்கொண்டே, "போவமே" என்றேன். ஷேர் ஆட்டோவில் வந்தோம். முன்னால் போகிற வண்டி ஒவ்வொரு தடவை நின்றபோதும் அவருடைய வலது கால் ஆட்டோவின் தகரத் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கை. நான் வெளியே வேடிக்கை பார்ப்பது போல இருந்தேன். இறங்கியதும், "நீங்க இங்கன நிழல்ல நில்லுங்க, நான் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். வழக்கமாக அவரும் வருவார், பக்கத்தில் நின்று கேலி செய்வார். இன்றைக்குக் கூப்பிடவில்லை, ஏனென்றால் இன்றைக்கு நான் முகத்தை மட்டும் பார்க்கப் போவதில்லை, ஆட்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கப் போகிறேன், அது அவர் காதில் விழக் கூடாது.

கேள்வி இதுதான், படத்தில் வண்டி யார் மேலாவது மோதுகிறதா. இதை நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் டிவியில் ஏதோ படம், நல்ல சிரிப்புப் படம் என்றுதான் வைத்தேன், கதாநாயகனின் தங்கை ஐஸ்கிரீமோடு ரோட்டைக் கடக்கிறாள், லாரி வந்துவிட்டது. எனக்குக் கண் லாரியில் இல்லை, நாற்காலியில் இருந்தது, நாற்காலி காலி. அவர் பின்பக்கம் போய் நல்லியைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறார், வாளி நிறைந்து வழிந்து காலெல்லாம் தண்ணீர். நான் போய் நல்லியை அடைத்தேன். அப்போது ஒன்று கேட்டார். "அந்த லாரிக்காரன் என்னட்டி ஆனான்?" உள்ளே படம் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், சுடுகாட்டுக்குப் போய், பழிவாங்கப் புறப்பட்டிருந்தது. "எந்த லாரிக்காரன்?" என்று கேட்டேன், மடச்சி. அவர் காலைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். அன்றைக்கு டிவியின் மேல் பழைய புடவையைப் போட்டு மூடினது. அதற்குப் பிறகுதான் எண்ணிப் பார்க்கிறேன், அடேயப்பா, நம்முடைய படங்களில் எத்தனை லாரி. கதை சொல்கிறவருக்கு ஒரு ஆளைக் கதையிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால் உடனே ஒரு லாரியைக் கூப்பிட்டுவிடுகிறார். அம்மாவுக்கு ஒரு லாரி, நண்பனுக்கு ஒரு லாரி, கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைக்கு ஒரு லாரி. ஹாரன், இரண்டு விளக்கு, ஒரு கத்தல், முடிந்தது. வீட்டில் என் போனில் ஒரு பாட்டுக்கூடப் போட்டுப் பார்க்கப் பயமாகிவிட்டது, பாட்டு நடுவிலும் லாரியை அனுப்பிவிடுகிறார்களே.

கதவு திறந்துவிட்டது. வந்துவிட்டார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் இந்த ஒரு நிமிஷம் எனக்குச் சிலிர்க்கும், இன்றைக்கு இவ்வளவு பயத்திலும் சிலிர்க்கிறது. இருட்டு வாசலிலிருந்து முதல் ஆள் வெயிலில் காலை வைக்கிறான், கண்ணைச் சுருக்குகிறான், அவனுக்கு இது எந்த ஊர், என்ன கிழமை என்று தெரியவில்லை, அந்தக் கொஞ்ச நேரம் அவன் யாரும் இல்லை, ஒருத்தருக்கும் மகன் இல்லை, ஒரு கடையிலும் வேலையில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து முகத்தில் ஏறுகிறது. எப்படி ஒரு துணித்திரை, கொஞ்சம் வெளிச்சம், இத்தனை பேரை இத்தனை தூரம் கொண்டுபோய்விட்டுக் கொண்டுவருகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை, புரியவும் வேண்டாம். பெரிய தியேட்டர் கூட்டம் இளவட்டம், சட்டையெல்லாம் வேர்த்து, குரல் கட்டி, ஒருத்தன் தோளில் ஒருத்தன் தொங்கி. நல்ல சந்தோஷம்தான். ஆனால் அது உள்ளே போகும்போதே கொண்டுபோன சந்தோஷம், அதைக் கொஞ்சம் பெருக்கித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு பையனை நிறுத்தினேன். "தம்பி, படம் எப்படி?" "தெறி, யக்கா!" "ஆக்சிடென்ட் ஏதும் வருதா?" அவன் கண் விரிந்துவிட்டது, இந்த அக்காவுக்கு என்ன ரசனை என்று நினைத்திருப்பான். "ஒண்ணா ரெண்டா! இன்டர்வெல்லுக்கு முன்னால ஒரு டேங்கர் லாரிய உருட்டிருக்கான் பாருங்க, கொல மாஸு. நீங்க அவசியம் பாக்கணும் யக்கா." சரிப்பா என்றேன். பெரியது போயிற்று.

எல்லாம் ஒரு போலீஸ்காரரால் வந்த பழக்கம். கல்யாணமாகி மூன்றாவது வாரம், அவருடைய வாராந்திர விடுமுறை நாள், படத்துக்கு வந்தோம். பஸ் ஓட்டுகிறவருக்கே பஸ் பிந்தி நாங்கள் வந்து சேர்ந்தபோது காலைக் காட்சி விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு போலீஸ்காரர், நல்ல உருவம், காதுவரை மீசை, சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார் ஆனால் நடையே சொல்லியது, வாசற்படியில் நின்று கர்ச்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, பக்கத்தில் நின்ற பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால். அந்த அம்மாள் சிரித்தாள், சிரித்துவிட்டு அவளும் அழுதாள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு ஆம்பளை அழுது நான் பார்த்ததில்லை, சாவு வீட்டில்கூடத் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே இவரை என்ன செய்தார்கள்? யார் செய்தது? "எனக்கு இந்தப் படம்தான் வேணும்" என்றேன், புதுப் பெண் முதன்முதலாகக் கேட்டது அதுதான். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "படத்த விட்டுட்டுப் படம் பாத்தவன் மூஞ்சியப் பாக்குதா பாரு" என்று டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார், ஆனால் அடுத்த விடுமுறைக்கு அவரே இந்தச் சுவரோரம் வந்து நின்றார். ஒரே ஒரு தடவை நான் பயங்கரமாக ஏமாந்தேன். ஒருத்தர் தேம்பித் தேம்பி வந்தார், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, ஆகா இதல்லவா படம் என்று ஓடிப்போய் உட்கார்ந்தோம். அப்படி ஒரு அறுவையை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் பார்த்ததில்லை. ஒரு வாரம் கழித்து அதே ஆள் இவருடைய பஸ்ஸிலேயே ஏறியிருக்கிறார். இவர் விடுவாரா, வண்டியை நிறுத்தின இடத்தில் திரும்பிக் கேட்டுவிட்டார். "அழுகையா? பல்லுவலி அண்ணாச்சி. இடைவேளையில முறுக்கக் கடிச்சேன், கடவாப்பல்லு போயிட்டு." அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கு நான் கையைக் காட்டினாலும், "முதல்ல பல்ல விசாரிச்சியா?" என்பார். அந்தக் கேலியைக் கேட்டு எட்டு மாசமாகிறது. இன்றைக்கு அதைக் கேட்டால் போதும், படமே வேண்டாம்.

நடு வாசல். குடும்பக் கூட்டம். குழந்தையைத் தோளில் போட்டவர்கள், தூக்குவாளி கொண்டுவந்தவர்கள், பூ வாடிப்போன தலைகள். இவர்கள் வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணைச் சுருக்கவில்லை, ஏனென்றால் வெளியே வருவதற்கு முன்னாலேயே போனை எடுத்துவிட்டார்கள், அந்த வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டது. ஒருத்தி கேட்கிறாள், "அடுப்ப அணைச்சனா?" அவள் மூன்று மணி நேரமும் அந்த அடுப்போடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள், பாவம். படிக்கட்டில் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனேன். "ஏம்மா, படத்துல வண்டி மோதுறது, ரத்தம், அந்த மாதிரி ஏதும் உண்டா?" அவள் யோசித்துப் பார்த்தாள், நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள், என்ன படம் பார்த்தோம் என்று. "அதெல்லாம் இல்லக்கா. ஒரு கல்யாணம் வருது, ரெண்டு வீட்டுக்கும் சண்டை, பொறவு சேந்துருதாவ. பாக்கலாம்." சுமாராக இருந்தாலென்ன, சண்டை போட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள், ஒரு வண்டியும் யார் மேலும் மோதவில்லை. எனக்கு உடம்பே லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முகங்கள் ஒன்றுமே எழுதாத சிலேட்டாக என்னைத் தாண்டிப் போகின்றன. அவர் எட்டு மாசம் கழித்து ஒன்று கேட்டார், நான் இதையா கொடுப்பது. சரி, வேறு எதைக் கொடுக்கப் போகிறாய், லாரியையா. இருட்டில் பக்கத்து நாற்காலியைத் தொட்டுப் பார்க்கிறேன், காலி. வெளியே ஓடிவருகிறேன், எங்கேயும் இல்லை, கழிப்பறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த ஒரு காட்சி காலையிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, இதற்கு இடைவேளையும் இல்லை. அப்படி ஒரு தடவை எழுந்து போய்விட்டாரானால் இனிமேல் தோசைக்கல்லுக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டார். அது எனக்குத் தெரியும். ஆகவே நடு. நடுதான். பேசாமல் போய்ச் சொல்லிவிடு, ஆவுடை, போ.

போகவில்லை, ஏனென்றால் சின்னத் தியேட்டரின் கதவு திறந்தது. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அந்தப் படத்தின் போஸ்டரில் தெரிந்த முகமே கிடையாது, எழுத்துகூடச் சின்னது. முதலில் யாரும் வரவில்லை. கதவைத் திறந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், வழக்கமாக அதட்டுகிறவர்தான், ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்றார். அப்புறம் வந்தார்கள். பதினோரு பேர். ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத பதினோரு பேர். ஒரு காலேஜ் பையன், சாம்பல் கலர் சட்டையில் ஒரு தடித்த ஆள், ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையில் ஒரு பெண், கணவன் மனைவியாக ஒரு வயசான ஜோடி, இன்னும் யார் யாரோ. வந்தவர்கள் போகவில்லை. வாசலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்கள். கூடி நிற்கவில்லை, பேசவில்லை, அவரவர் இடத்தில் நிற்கிறார்கள், வெயில் தலையில் இறங்குகிறது, ஒருத்தரும் நிழலுக்கு நகரவில்லை. அந்தப் பையன் கையிலிருந்த போனைப் பார்த்தான், அது என்ன சாமான் என்று தெரியாதவன் மாதிரி பார்த்தான், பாக்கெட்டில் போட்டுவிட்டான். பெரியவர் பெண்டாட்டியின் கையைப் பிடித்திருந்தார், அந்த வயசில், அந்த இடத்தில், விடவே இல்லை. அழுகையும் இல்லை. அழுகை இருந்தால் எனக்குத் தெரியும், அது ஒரு வகை. இது வேறு. அந்த முகங்கள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. யாரோ அவர்களிடம் நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட்டார்கள், அது பெரியது, அதைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அதனால் மெதுவாக மூச்சு விடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை, இங்கே பதினோரு முகம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான் படத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்தவர்களைப் பார்த்தேன், அதற்கே. எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிட என்று தெரியாமல் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். சாம்பல் சட்டைக்காரர் டீக்கடைப் பக்கம் நடந்தார். ஜவுளிக்கடைப் பெண் என்னைத் தாண்டிப் போனபோது நான் கூடவே இரண்டு எட்டு நடந்தேன். இவளைக் கேட்கவே வாய் வரவில்லை, தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புகிற மாதிரி இருந்தது. "தாயி, ஒண்ணு கேக்கட்டா? இந்தப் படத்துல..." அவள் திரும்பினாள், எனக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது, இருக்காது, இந்த முகத்துக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கவே இருக்காது. "ஆக்சிடென்ட் ஏதும் வருதாம்மா?" "வருதுக்கா. ஒரு பஸ்ஸு, ஒருத்தரு மேல ஏறிருது. முதல்லயே வந்துரும். அதான் படமே." "பஸ்ஸா?" "ஆமாக்கா. கவர்மென்ட் பஸ்ஸு." "பொறவு?" என்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் கையை மட்டும் இப்படி நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, "எனக்குச் சொல்லத் தெரியலக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்படியானால் இதுவா கணக்கு. ஒரு பக்கம் வண்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இன்னொரு பக்கம் பதினோரு பேரைக் கழுவி வெளியே விட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு பஸ் வேண்டியிருந்திருக்கிறது, அதுவும் எங்கள் பஸ். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த முகத்தை அவருக்கு வாங்கித் தர முடியாது. அது மற்றவர்களுக்கு உள்ளது, பஸ் ஓட்டாதவர்களுக்கு. எங்களுக்கு நடு. கல்யாணம், சண்டை, சேர்ந்துவிடுகிறார்கள். ஒன்றும் எழுதாத முகத்தைப் பார்த்தும் நான் தேர்ந்தெடுத்த முதல் படமாக இது இருக்கும், இருக்கட்டும், மனிதர் எழுந்து போகாமல் மூன்று மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், தூங்கினாலும் சரி. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சிரிப்பு ஒன்றைத் தயார் செய்துகொண்டேன். டீக்கடைக்கு நடந்தேன். டீக்கடை பெஞ்சில் சாம்பல் சட்டைக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். என் வீட்டுக்காரர் அங்கே இல்லை.

என் உயிர் என்னிடம் இல்லை. நிழல் இருக்கிறது, ஆள் இல்லை. கழிப்பறைப் பக்கம் பார்த்தேன், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று நிஜமாகவே காதைக் கொடுத்தேன். "ஆவுடை" என்று பின்னாலிருந்து குரல். திரும்பினால் டிக்கெட் கவுண்டர் பக்கமிருந்து வருகிறார், கையில் இரண்டு டிக்கெட். நடுவாக இருக்கட்டும், நடுவாக இருக்கட்டும். வாங்கிப் பார்த்தேன். சின்னது. "இது வேண்டாம்" என்றேன், குரல் கத்தலாக வந்துவிட்டது. "இத மாத்திருவோம். நடுவுல ஓடுது பாருங்க, அது நல்லாருக்காம், நான் விசாரிச்சிட்டேன், இது, இதுல வந்து..." "பஸ்ஸு வருது" என்றார் அவர், சாதாரணமாக, நேரம் சொல்கிற மாதிரி. பெஞ்சிலிருந்த சாம்பல் சட்டைக்காரரை அவர் கண்ணால் காட்டினார். "நானும்தான் பாத்தேன், அந்தப் பதினோரு பேரையும். உனக்கு மட்டும்தான் பாக்கத் தெரியுமா? இவரு டீ சொல்லிட்டுக் குடிக்காம இருந்தாரு. பல்லுவலியான்னு கேட்டேன்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது, அவர் சிரிக்கவில்லை, சொல்லிக்கொண்டே போனார், எட்டு மாசத்தில் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் பேசியதில்லை. "பஸ்ஸுக்காரன் கதை அண்ணாச்சின்னாரு. அடிபட்டவரு ஒருத்தரு இருக்காரு, ஆனா கதை ஓட்டுனவனப் பத்தின்னாரு. பொறவு அவன் என்ன ஆனான்னு கேட்டேன். அதச் சொல்லப்பிடாது, உள்ள போய்ப் பாருங்கன்னுட்டாரு." என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். "அவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும், ஆவுடை."

மூன்று மாசமாக நான் டிவியைப் புடவையால் மூடி வைத்திருந்தேன். அந்த லாரிக்காரன் என்னட்டி ஆனான் என்று அன்றைக்குத் தண்ணீரில் நின்று கேட்டவரை நான் படுக்கப் போக விட்டுவிட்டேன். எத்தனை லாரி என்று எண்ணினேனே, ஒரு லாரியிலாவது ஓட்டுகிறவனின் முகத்தைக் காட்டினார்களா என்று யோசித்தேனா. ஹாரன், இரண்டு விளக்கு, அதற்கு மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இருட்டு. முகம் முகம் என்று ஊரெல்லாம் பார்த்துத் திரிந்தவள் நான், அந்த இருட்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "சரி, வாங்க" என்றேன்.

உள்ளே குளிர். எங்களோடு சேர்த்து இருபது பேர் இருக்கலாம். அவரை ஓரத்து நாற்காலியில் விட்டேன், எழுந்து போக வசதியாக, அவர் என்னைப் பார்த்தார், அடுத்த நாற்காலிக்குத் தள்ளி நடுவாக உட்கார்ந்துகொண்டார். விளக்கு அணைந்தது. ஒரு ஊர், ஒரு காலை, யாரோ வாசல் தெளிக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கிறான், இவரும் அப்படித்தான் எடுப்பார். நான் கையை அவர் கை மேல் வைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கவில்லை, அது கியர் போடுகிற கை. வண்டி போகிறது. வெயில் வருகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது, இதோ, இந்த வளைவில், கீழே இருட்டில் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது, முழுப் பலத்தோடு, நாற்காலியே பின்னால் சாய்கிற அளவுக்கு. நானும் அழுத்தினேன். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது, இருந்தாலும் செருப்போடு என் காலையும் சேர்த்து அழுத்தினேன், இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம், நிற்கவில்லை. யாருக்கும் நிற்காது. சத்தம் வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. நான் கண்ணைத் திறந்தேன், திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். திரையில் அப்போது அந்த டிரைவரின் முகம் பெரிதாக வந்திருக்க வேண்டும், ஏனென்றால் இவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் விழுந்தது, நெற்றி, மூக்கு, உதடு, எட்டு மாசமாக நான் பார்க்காதது எல்லாம் தெரிந்தது, கண்ணிலிருந்து வழிந்து தாடிக்குள் போவதுகூடத் தெரிந்தது. அவர் துடைக்கவில்லை. முன்னால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ சொல்லத் தொடங்கினால் கேட்பதற்கு நகர்ந்து உட்காருவோமே, அப்படி. எழுந்திருக்கவில்லை.